நெருப்பு மட்டும் கேக்காத தாயி

வீடு சந்திக்கிற ஊழியத்தில் நாயும் வெயிலும் எல்லாத் தெருவிலும் கிடைக்கும். மோர் மட்டும்தான் வீட்டுக்கு வீடு மாறும். என்னைப் போலத் தோளில் ஒரு பை, இடுப்பில் ஒரு பிள்ளை என்று தெருத்தெருவாக ஏறி இறங்குகிற சகோதரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. "வீட்ல ஆள் இல்ல" என்று வீட்டு ஆளே வாசலுக்கு வந்து சொல்லி அனுப்பின அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அந்த ஆளிடமே ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்த அனுபவமும் இருக்கும்.

நான் விருதுநகர் பக்கம் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வரை படித்தவள். கல்யாணமாகி சாத்தூர்ப் பக்கம் வந்தேன். என் வீட்டுக்காரர் பாஸ்டர். தகரக் கொட்டகை போட்ட சின்ன ஜெப வீடு எங்களுடையது. அச்சங்குளத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பெண்களைப் பார்த்து, கடவுள் உங்களை நேசிக்கிறார் என்று சொல்லிவிட்டு வருவது என் பங்கு. கேட்பதற்கு லேசான வேலைதான். முதல் மாதம் வேலை நாளில் காலை பத்து மணிக்குப் போய் நின்றேன். ஊரே பட்டாசுக் கம்பெனிக்குப் போயிருந்தது. இரண்டு ஆடும் ஒரு கோழியும் என் முகத்தைப் பார்த்தன. அதற்குப் பிறகுதான் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்கு மாறினேன். மகள் கிறிஸ்டிக்கு இரண்டு வயது. விட்டுவிட்டுப் போக ஆள் கிடையாது. அதனால் அவளும் முழுநேர ஊழியக்காரி.

அக்கினி

அச்சங்குளம் பக்கம் ஒரு வீட்டில் வைத்த முதல் ஜெபக் கூட்டத்துக்கு ஒன்பது பெண்கள் வந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லோரும் குளித்து, தலை சீவி, பவுடர் போட்டு வந்திருந்தார்கள். அப்படியும் நகக்கண்ணில் மட்டும் அலுமினியப் பொடி மினுமினுத்தது. நாம் எப்போதும் ஜெபிக்கிற மாதிரி கண்ணை இறுக மூடிக்கொண்டு, குரலை உயர்த்தி ஆரம்பித்தேன். "ஆண்டவரே, இந்த வீட்டில் உமது அக்கினி இறங்கட்டும்! இந்தத் தெருவே பற்றி எரியட்டும்!" நமக்கு அது ஆவியின் வல்லமைக்கான வார்த்தை. சின்ன வயதிலிருந்து கேட்டுப் பழகியது. அதற்கு இன்னொரு அர்த்தம் இருக்கும் என்றே எனக்குத் தோன்றியதில்லை.

கண்ணைத் திறந்தபோது வீட்டில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். மற்ற எட்டுப் பேரும் வாசலில் செருப்பைக் கையில் பிடித்தபடி பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். யாரோ மெயின் சுவிட்சை வேறு அணைத்துவிட்டிருந்தார்கள். உள்ளே மிச்சமிருந்தவர் பேச்சியம்மாள். அறுபது வயது. முட்டி வலியால் ஓட முடியாமல் இருந்தவர். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, கோபமே இல்லாமல் சொன்னார்:

"தாயி, உங்க சாமிகிட்ட வேற என்ன வேணும்னாலும் கேளு. நெருப்பு மட்டும் கேக்காத. இங்கன அது கேக்காமலே வருது."

மழை

அன்றிலிருந்து அந்த வார்த்தையை விட்டுவிட்டு, 'ஆசீர்வாத மழை' என்று மாற்றிக்கொண்டேன். மழையில் யாருக்கு என்ன கஷ்டம் என்று நினைத்தேன். ஒரு ஞாயிறு காலை மல்லாங்கிணறு பக்கம் என் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்து நிலத்துக்காரர் மக்காச்சோளம் விதைத்துவிட்டு வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "முளைக்க ஒரு மழை கேளும்மா" என்றார். அவர் நிலத்து வரப்பிலேயே நின்று மனதார ஜெபித்தேன்.

சாயங்காலம் அச்சங்குளம் பக்கம் வந்து, அதே சூட்டோடு, "ஆண்டவரே, மழையைக் கட்டளையிடும்" என்றேன். உடனே ஐந்தாறு குரல் சேர்ந்து, "ஐயையோ, சீசன் நேரம்க்கா!" என்றது. தீபாவளி ஆர்டர் முடியவில்லை. ஒட்டின வெடியெல்லாம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. மழை பெய்தால் காயாது. காயாவிட்டால் மறுநாள் வேலை கிடையாது. காலையில் கேட்ட ஜெபத்தைத் திருப்பி வாங்குவது எப்படி என்று தெரியாமல் நான் முழித்தேன். அந்த விஷயத்தையும் அவர்களிடமே ஒத்துக்கொண்டேன். பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண்தான் வழி சொன்னாள்:

"இதுக்குப் போயி முழிக்கிறீக? மல்லாங்கெணத்துல பேயட்டும், இங்கன காயட்டும்னு சொல்லுங்க. அம்புட்டுப் பெரிய சாமிக்கு இடம் பாத்துப் பேய்ய வைக்கத் தெரியாதா?"

வெறுங்காது

எங்கள் சபையில் நகை போடுவதில்லை. காது, கழுத்து, கை எல்லாம் வெறுமை. எங்கள் ஆட்களுக்குள் அது பெரிய விஷயமே கிடையாது. ஆனால் அந்தத் தெருவில் நான் நுழைந்தாலே பெண்கள் என் காதைப் பார்த்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். எனக்கு மட்டும் டம்ளர் நிறைய காபி. கிறிஸ்டிக்கு இரண்டு பிஸ்கட் கூடுதல். என் பிரசங்கத்துக்கு இவ்வளவு மரியாதையா என்று பூரித்துப்போயிருந்தேன்.

ஒருநாள் நான்கு பேர் என்னை அடுப்படிக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்கள். விசுவாசத்தைப் பற்றித் தனியாகக் கேட்கப்போகிறார்கள் என்று பையைத் திறந்தேன். அவர்களில் மூத்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்:

"வீட்டுக்காரரு குடிக்கிறாரா தாயி? காதுல கெடந்ததைக்கூட விட்டு வைக்கலையே. மறைக்காம சொல்லு, நாங்க நாலு பேரும் வந்து என்னன்னு கேக்கோம்."

கதவு

தை மாதத்தில் ஒருநாள் பேச்சியம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "என் மருமகளுக்கு ஒரு ஜெபம் பண்ணணும்" என்றார். மருமகள் பெயர் செல்வி. அந்த ஊரில் சரவெடி பின்னுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது என்பார்கள். முந்தின ஆடியில் அவள் வேலை செய்த கம்பெனியில் மருந்து காயவைத்த இடத்தில் தீப்பிடித்துவிட்டது. பக்கத்தில் நின்ற இரண்டு பேர் வீடு திரும்பவில்லை. செல்வி திரும்பினாள். முகத்தில் இடது பாதி வெந்துபோயிருந்தது. வலது கையில் மூன்று விரல், புண் ஆறும்போது மடங்கி உள்ளங்கையோடு இழுத்துக்கொண்டுவிட்டன. மதுரை பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து விரலைப் பிரித்துவிடலாம் என்று சொல்லியிருந்தார்கள். தள்ளிப்போட்டால் மூட்டு இறுகிவிடும், பிறகு ஒன்றும் செய்ய முடியாது என்றும் சொல்லியிருந்தார்கள். இரண்டு முறை தேதி கொடுத்தும் அவள் போகவில்லை. வீட்டை விட்டே வெளியே வரவில்லை. கணவர் லோடு லாரியில் வடக்கே போகிறவர்; மாதம் ஒருமுறை வந்து கெஞ்சிப் பார்த்துவிட்டுப் போவார்.

நான் போனதும் செல்வி உள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நானும் விடவில்லை. கதவுக்கு முன்னால் பாய் விரித்து உட்கார்ந்து பேசினேன், பாடினேன், ஜெபித்தேன். சத்தமே வராது. அடுத்த ஞாயிறும் அப்படியே. நான்காவது ஞாயிறு, தொண்டை வற்றி எழுந்து பையை எடுத்தபோது, உள்ளேயிருந்து முதல்தடவையாகக் குரல் வந்தது:

"ஏக்கா, நாலு வாரமா கதவுகிட்டயே பேசிட்டுப் போறீகளே, கதவு ரட்சிக்கப்பட்டிருச்சா?"

அழுகை

நான் சிரித்த சிரிப்பில் அந்தக் கதவு திறந்தது. சேலைத் தலைப்பை நெற்றிவரை இழுத்துப் போட்டுக்கொண்டு, செல்வி வந்து நிலைப்படியில் உட்கார்ந்தாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள், ஆனாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டாள். பேச்சுவாக்கில் தலைப்பு நழுவியது. என் மடியிலிருந்த கிறிஸ்டி அவள் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் வீறிட்டாள். சமாதானப்படுத்த முடியாத அழுகை. தாய்மார்களுக்குத் தெரியும், அந்த மாதிரி நேரத்தில் பிள்ளை வாயைப் பொத்தவும் முடியாது, விடவும் முடியாது. செல்வி தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். நான் என்ன சொல்லிவிட்டு வந்தேன் என்று எனக்கே நினைவில்லை.

இரண்டு ஞாயிறு அந்தத் தெருப்பக்கம் போகவில்லை. வீட்டுக்காரரிடம் வயிற்று வலி என்றேன். மாதக்கணக்கில் மூடியிருந்த கதவை என் பிள்ளை திரும்பவும் சாத்திவிட்டது என்று மனதுக்குள் ஒரே உறுத்தல். மூன்றாவது ஞாயிறு பேச்சியம்மாள் முட்டி வலியோடு பஸ் ஏறி, எங்கள் ஜெப வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். உட்காரக்கூட இல்லை. மருமகள் சொன்னதை, அவள் சொன்ன தோரணையிலேயே ஒப்பித்தார்:

"'பிள்ளையக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க அத்தை. வர்ற ஆளு பூராம் என் மூஞ்சிய விட்டுட்டு செவத்தைப் பாத்துப் பேசுறாக. அது ஒண்ணுதான் நேராப் பாத்து அழுதுச்சு. பழகுனா சரியாப் போயிரும்'னு சொன்னா."

சடை

பழகித்தான் போனது. மூன்று வாரத்தில் கிறிஸ்டி அவள் மடியில் ஏறி, கன்னத்துத் தழும்பை விரலால் தடவிப் பார்த்து, "ஊ போச்சா?" என்று ஊதிவிட ஆரம்பித்தாள். செல்விக்கு ஆறாவது படிக்கிற மகள் இருந்தாள், பெயர் பிரியா. அவளுக்குச் சடை பின்னிவிட ஆள் இல்லை. பாட்டிக்குக் கண் சரியாகத் தெரியாது, அம்மாவுக்குக் கை உதவாது. அதனால் ஞாயிற்றுக்கிழமைச் சடை என் பொறுப்பானது. நான் பின்னுகிற சடை எப்போதும் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். செல்வியால் அதைப் பார்த்துச் சும்மா இருக்க முடியாது. "நடுவுல தளர விட்டுட்டீக பாருங்க. சரமா இருந்தா பாதியிலேயே அணைஞ்சிரும்" என்பாள்.

ஆனி மாதத்தில் ஒருநாள் பின்னிக்கொண்டே கதை சொன்னேன். சூம்பின கையோடு இருந்த ஒருவரை இயேசு கூப்பிட்டு, கையை நீட்டச் சொன்னதையும், அவர் நீட்டினதும் கை நேரானதையும். பேச்சை மெதுவாக ஆபரேஷனுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது என் திட்டம். உங்களிடம் மறைப்பதற்கென்ன, நாம் எல்லோரும் செய்கிற தந்திரம்தானே. செல்வி முழுவதும் கேட்டாள். பிறகு, "கை நேரானதுக்கு மறுநாளு அந்த ஆளு எந்த வேலைக்குப் போனாரு அக்கா?" என்றாள்.

எத்தனையோ தடவை சொன்ன கதை. அந்த மனிதருக்கு மறுநாள் என்று ஒன்று இருந்திருக்கும் என்று நான் நினைத்ததே கிடையாது. "அது எழுதலையே செல்வி" என்றேன். "எனக்குத் தெரியும்" என்றாள் அவள். "என் கை விரிஞ்சா மறுநாளு கம்பெனி வேன் வாசல்ல வந்து நிக்கும். சரம் பின்ன ஆள் பத்தலம்பாக. மூடுன கைய யாரும் கூப்பிட மாட்டாக." இவ்வளவு மாதமும் அவள் முகத்துக்கு வெட்கப்பட்டு உள்ளேயே இருக்கிறாள் என்று ஊரே நினைத்தது, நானும் நினைத்தேன். கையை விரித்துக் கொடும் என்று வாரா வாரம் அவள் முன்னாலேயே ஜெபித்திருக்கிறேன். நான் கேட்கக் கேட்க அவள் உள்ளுக்குள் வேண்டாம் வேண்டாம் என்று பயந்திருக்கிறாள். பிரியாவின் சடை பாதியில் நின்றது. அடுப்படியில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பேச்சியம்மாள், சோற்றுக் கரண்டியோடு வெளியே வந்தார்:

"அடியே, மறுபடி மருந்து அள்ளவா உன் கைய விரிக்கச் சொல்றேன்? உன் சோத்தை நீ அள்ளித் திங்கத்தான்டி சொல்றேன். வேன் வந்தா வரட்டும், வாசல்ல நான் நிக்கிறேன்."

வளையல்

அன்றைக்குச் செல்வி சரி என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அதுவே பெரிது. பேச்சியம்மாள் நேரம் கடத்தவில்லை. மதுரைக்குப் போய் மூன்றாவது தடவையாகத் தேதி வாங்கி வந்தார். இனித் தள்ளினால் எங்களிடம் வர வேண்டாம் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டாராம். அந்தத் தேதிக்கு முந்தின வெள்ளி, இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு ஆடிக் கூட்டம். சாத்தூர் ரோடே தெரியாத அளவுக்குச் சனம் நடந்து போனது. பேச்சியம்மாளும் அந்த முட்டியை வைத்துக்கொண்டு நடந்தே போய், மருமகளுக்கு வேண்டிக்கொண்டு வந்தார்.

திரும்பி வந்தவர் கிறிஸ்டிக்குச் சிவப்புக் கண்ணாடி வளையல் அரை டஜன் வாங்கி வந்திருந்தார். என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். நகையே கூடாது என்கிற வீட்டுப் பிள்ளை. வளையலோ கோயில் கடையில் வாங்கினது. வீட்டுக்காரர் என்ன சொல்வார், சபையார் என்ன சொல்வார் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், கிறிஸ்டி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பேச்சியம்மாள் முன்னால் போய் நின்றுவிட்டாள். வீங்கின காலை நீட்டிப் போட்டுக்கொண்டு, அவர் ஒவ்வொன்றாக மாட்டிவிட்டார். எனக்காகத்தான் இந்தப் பிள்ளைக்கு வாங்கினார், அந்தக் கூட்டத்தில் எங்களையும் நினைத்திருக்கிறார் என்று தோன்றியது. என் முகத்தைப் படித்துவிட்டார் போலிருக்கிறது:

"எங்க ஆத்தாகிட்டயும் சொல்லியாச்சு, உங்க சாமிகிட்டயும் நீ சொல்லியாச்சு. இனி அவுக ரெண்டு பேரும் பேசி முடிச்சுக்கிடுவாக. நீ திங்கக்கெழமை பஸ்ஸுக்கு நேரத்துல வந்து சேரு."

மதுரை பஸ்

திங்கட்கிழமை காலையில் செல்வி வாசலைத் தாண்டினாள். கிட்டத்தட்ட ஒரு வருடத்துக்குப் பிறகு. தெருவில் யாரும் எதுவும் கேட்கவில்லை. எல்லோருக்கும் அன்றைக்கென்று வாசலில் வேலை இருந்தது, எல்லோரும் குனிந்து பெருக்கிக்கொண்டே இருந்தார்கள். சாத்தூரில் மதுரை பஸ் ஏறினோம். செல்வி ஜன்னலோரம், மடியில் கிறிஸ்டி. பக்கத்தில் நான். என் பக்கத்து இடம் காலியாக இருந்தது. நின்றுகொண்டு வந்த யாரும் உட்கார வரவில்லை. பேச்சியம்மாள் முன் சீட்டில் இருந்து திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

விருதுநகரில் ஏறின ஒரு அம்மா, நல்ல பட்டுச் சேலை, கல்யாண வீட்டுக்குப் போகிறவர் போலிருந்தது, காலி இடத்தைப் பார்த்து வந்தார். செல்வியின் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். பிறகு பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி, "என்னம்மா இப்படி ஆகிப்போச்சு? ஸ்டவ் வெடிச்சிருச்சா?" என்றார். நான் செல்வியின் கையை அழுத்தி, பேச வேண்டாம் என்று சாடை காட்டினேன். அவள் என் கையை எடுத்து வைத்துவிட்டு, தலைப்பை முகத்திலிருந்து முழுவதும் தோளுக்கு இறக்கினாள். "நீங்க தீவாளிக்கு வெடி போட்டீகளாம்மா?" என்று கேட்டாள். அந்த அம்மா புரியாமல், "போட்டோம்மா, பேரப் பிள்ளைகளுக்கு நிறைய வாங்கினோம்" என்றார். செல்வி குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. விலாசம் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்:

"அதைச் செய்யயில ஆனது. பிள்ளைக சந்தோசமா வெடிச்சாகளா?"

யாருக்கு ஜெபம்

அந்த அம்மா என் பக்கத்து இடத்தில் உட்கார்ந்து, மதுரை வரும்வரை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இறங்கும்போது தன் தலையில் இருந்த மல்லிகைப்பூவில் பாதியைக் கிள்ளிச் செல்வி தலையில் வைத்துவிட்டுப் போனார்.

ஆபரேஷனுக்குக் கூட்டிப் போகிற நேரம், தள்ளுவண்டியில் படுத்திருந்தவள் என்னைக் கூப்பிட்டாள். இதற்காகத்தானே வந்திருக்கிறோம், நல்ல ஜெபமாகச் செய்ய வேண்டும் என்று அவள் நெற்றியில் கை வைத்தேன். "ஆண்டவரே" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. வீடு வீடாகப் போய் மணிக்கணக்கில் ஜெபிக்கிற வாய், அன்றைக்கென்று அழுகையில் கோணிப்போய்விட்டது. அந்தக் கை விரியாமல் போனால் என்ன செய்வேன் என்கிற பயம் ஒருபக்கம், விரிந்தால் அவள் பயந்தது நடந்துவிடுமோ என்கிற பயம் மறுபக்கம். நர்ஸ் வேறு, "சீக்கிரம்மா" என்று நின்றார். செல்வி மடங்கின கையைத் தூக்கி என் கைமேல் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, அவளே ஆரம்பித்தாள்:

"சாமி, இந்த அக்கா ரொம்ப அழுகுது. மொதல்ல அதைக் கவனி. எனக்கு டாக்டரு இருக்காரு."

வேன்

கட்டுப் பிரித்தபோது இரண்டு விரல் நன்றாக நிமிர்ந்திருந்தன. மூன்றாவது பாதிதான். டாக்டர் சொல்லிக்கொடுத்த பயிற்சியை வீட்டில் தினமும் செய்யவைத்தவர் பேச்சியம்மாள். மருமகள் வலியில் கத்துவாள், மாமியார் அதைவிடச் சத்தமாகத் திட்டிக்கொண்டே விரலை நீவுவார். இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் வழியும். ஒரு மாதம் கழித்து நான் போனபோது செல்வி தட்டிலிருந்து சோற்றைத் தானே அள்ளினாள். பாதி தட்டில் விழுந்தது, பாதி வாய்க்குப் போனது. நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்க்காத மாதிரி வேறெதையோ பேசிக்கொண்டிருந்தோம்.

அவள் பயந்த மாதிரியே வேனும் வந்தது. சீசன் உச்சம், ஆள் பற்றாக்குறை. அன்று ஞாயிற்றுக்கிழமையாக இருந்தும் ஆள் பிடிக்க வந்துவிட்டார்கள். ஏஜெண்ட் இறங்கி வாசலுக்கு வந்து, "செல்வி கை சரியாப் போச்சாமே?" என்று சிரித்தார். உள்ளே செல்வி நல்ல விரல்களையும் சேர்த்து மடக்கிக்கொண்டாள். பேச்சியம்மாள் நாற்காலியை இழுத்து வாசல் நடுவில் போட்டு, அதில் உட்கார்ந்தார். நான் இடுப்பில் பிள்ளையோடு அவர் பக்கத்தில் போய் நின்றேன். வாக்குவாதம் எதுவும் நடக்கவில்லை. கிழவி வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னது இவ்வளவுதான்:

"கை சரியாப் போச்சுய்யா. அது இனி எங்களுக்கு வேணும்."

எங்க பேச்சு

செல்வி இப்போது நாலு ஆடு வளர்க்கிறாள். எங்கள் ஜெப வீட்டுக்குச் சில ஞாயிறு வருவாள், இருக்கன்குடிக்கும் மாமியாரோடு போவாள். மாதாந்தர ஊழியக் கூட்டத்தில், "அந்த ஊரில் எத்தனை பேர் சபைக்கு வந்திருக்கிறார்கள்?" என்று ஒரு படிவம் கொடுத்து என்னைக் கேட்பார்கள். செல்வியை எந்தப் பக்கம் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை, அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு வந்துவிடுகிறேன். உங்கள் படிவத்திலும் அப்படி ஒரு காலி இடம் இருந்தால், நீங்கள் தனியாக இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

போன மாதம் பக்கத்து ஊரில் இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி, தீக்காயத்தோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கிறாள், யாரோடும் பேசுவதில்லை என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்கலாம் என்று கிளம்பினால், பஸ் நிறுத்தத்தில் செல்வி நிற்கிறாள். எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. அந்தப் பெண் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நான் வழக்கம்போலப் பாயில் உட்கார்ந்து, பையைத் திறந்து, தொண்டையைச் செருமினேன். செல்வி என் பையின் ஜிப்பைத் திரும்ப இழுத்து மூடினாள். தலைப்பைத் தோளுக்கு இறக்கிவிட்டுக்கொண்டு, அந்தப் பெண்ணின் கட்டில் ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். தன் வலது கையை, நிமிர்ந்த விரல் இரண்டும் நிமிராத விரல் ஒன்றும் தெரிகிற மாதிரி, அவள் முதுகில் வைத்தாள். சுவரைப் பார்த்துக் கிடந்த பெண் மெதுவாகத் திரும்பினாள். செல்வியின் முகத்தை நேராகப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அழ ஆரம்பித்தாள். அவள் வீட்டுக்கு வந்த பிறகு அழுவது அதுதான் முதல் தடவை என்று பின்னால் அவள் அம்மா சொன்னார். செல்வி அவளை அழவிட்டுவிட்டு, என் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"அக்கா, நீங்க பிள்ளையத் தூக்கிக்கிட்டு வேப்ப மரத்தடியில கொஞ்ச நேரம் இருங்க. இது எங்க பேச்சு."

ஆக, கடவுளின் நேசத்தை வாய் நிறையச் சொல்லப் புறப்பட்ட என்னுடைய இப்போதைய ஊழியம், செல்வியைச் சரியான வாசலில் கொண்டுபோய் விட்டுவிட்டு, என் பிள்ளை மண்ணைத் தின்னாமல் மரத்தடியில் காவல் இருப்பதுதான்.